நாலு மணி ஜெபமும் அம்மாவின் அறையும்

வாசகர் கேள்வி: பாஸ்டர், எனக்கு 36 வயது. கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். மனைவி பள்ளி ஆசிரியை, ஏழு வயதில் ஒரு மகள். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் செயலிழந்த அம்மா எங்களோடு இருக்கிறார். ஒவ்வொரு வருடமும் மே மாதக் கன்வென்ஷனில் கடைசி நாள் அழைப்புக் கொடுக்கும்போது முன்னால் போய் முழங்கால்படியிட்டு என்னை முழுவதும் ஒப்புக்கொடுக்கிறேன். சில வாரங்கள்கூடத் தாங்குவதில்லை. ஈஸ்டருக்கு முன்வரும் லெந்து நாட்களில் காபியை விட்டேன், தலைவலியும் எரிச்சலும்தான் மிச்சம். வெள்ளிக்கிழமை உபவாசம் பாதியில் நின்றுவிட்டது. ராத்திரி படுக்கப் பதினொன்றரை ஆனாலும் காலை நாலு மணிக்கு எழுந்து ஜெபிக்க உட்காருகிறேன், சரியாக அந்த நேரத்தில்தான் அம்மா கூப்பிடுவார். மனைவி எழுந்து போய்ப் பார்ப்பாள், ஆனாலும் அந்தச் சத்தத்தில் என் ஜெபம் கலைந்துவிடும். ஆபீசிலும் சமாதானம் இல்லை. சில நேரம் போன மாதத் தேதி போட்டு பில் போடச் சொல்வார்கள், அதெல்லாம் எங்கும் உள்ளதுதான். எனக்குள் சுயம் இன்னும் சாகவில்லை, நான் ஒன்றுக்கும் உதவாதவன் என்றே தோன்றுகிறது. வேலையை விட்டுவிட்டு முழுநேர ஊழியத்துக்குப் போனால்தான் உண்மையான சீஷனாக முடியுமோ? மனைவியோ, “எல்லாத்தையும் விடறீங்க, கோபத்தை மட்டும் விட மாட்டேங்கறீங்க” என்கிறாள். நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்:

அன்புள்ள தம்பி,

நீங்கள் பிரச்சினை என்று எழுதியிருப்பவற்றை விட, போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன இரண்டு வரிகள்தான் என்னைப் பிடித்து நிறுத்தின. ஒன்று, அம்மா கூப்பிடுகிறார், மனைவி எழுந்து போகிறார், உங்கள் ஜெபம் கலைகிறது. இன்னொன்று, போன மாதத் தேதி போட்டு பில், அதெல்லாம் எங்கும் உள்ளதுதான். காபியைப் பற்றியும் உபவாசத்தைப் பற்றியும் இவ்வளவு பாரத்தோடு எழுதிய நீங்கள் இந்த இரண்டையும் ஒரு பாரமாகவே எழுதவில்லை. உங்கள் கேள்விக்கான பதில் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன், அதனால் கொஞ்சம் நேராகவே பேசுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

லூக்கா 9:23 உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். “ஒருவன் என் பின்னே வர விரும்பினால் அவன் தன்னைத்தான் வெறுத்து, தன் சிலுவையை அனுதினமும் எடுத்துக்கொண்டு, என்னைப் பின்பற்றக்கடவன்.” இதைக் கேட்டுக்கொண்டு நின்றவர்களுக்குச் சிலுவை என்றால் கழுத்தில் தொங்குகிற செயின் கிடையாது. ரோமப் போர்வீரர்கள் ஒரு மனுஷன் தோளில் மரத்தைச் சுமத்தித் தெரு வழியாக நடத்திக்கொண்டு போவது எப்படியிருக்கும் என்று அந்த நாட்டு ஜனங்களுக்குத் தெரியும். அந்த மரத்தை அவன் தேர்ந்தெடுக்கவில்லை, அதன் பாரத்தையும், எந்த நாள் எந்த வழி என்பதையும் அவன் முடிவு செய்யவில்லை. அது அவன்மேல் வந்தது, அவ்வளவுதான். இப்போது உங்கள் பட்டியலைப் பாருங்கள், தம்பி. காபி நீங்கள் தேர்ந்தெடுத்தது. வெள்ளிக்கிழமை நீங்கள் தேர்ந்தெடுத்தது. நாலு மணி நீங்கள் தேர்ந்தெடுத்தது. எல்லாமே நல்ல காரியங்கள்தான், நான் ஒன்றையும் குறைத்துச் சொல்லவில்லை, ஆனால் எல்லாவற்றிலும் தேர்ந்தெடுக்கிறவர் நீங்களாகவே இருக்கிறீர்கள். எதை விடுவது, எவ்வளவு விடுவது, எப்போது மறுபடி எடுப்பது எல்லாம் உங்கள் இஷ்டம். சுயம் சாகவில்லை என்று வருத்தப்படுகிறீர்கள், ஆனால் சுயத்தைச் சாகடிக்கிற பொறுப்பையும் அந்தச் சுயத்திடமே கொடுத்திருக்கிறீர்கள்.

பவுல் கொலோசெயருக்கு எழுதும்போது “தொடாதே, ருசிபாராதே, தீண்டாதே” என்கிற கட்டளைகளைப் பற்றிச் சொல்லிவிட்டு, இதெல்லாம் ஞானம் என்று பேர் வாங்கினாலும் “சுயஇஷ்டமான ஆராதனை”, மாம்சத்தைப் பேணுகிறதற்கே ஒழிய வேறொன்றுக்கும் பிரயோஜனப்படாது என்கிறார். இரண்டாம் அதிகாரத்தின் கடைசி வசனம். உடம்பை ஒடுக்கியே மாம்சத்தை, அதாவது நம் சுயத்தை, பேண முடியும் என்று அப்போஸ்தலன் சொல்வதை நாம் சும்மா தாண்டிப் போய்விடக் கூடாது. காபியை விட்ட முதல் வாரத்தில் உங்கள் எரிச்சலை யார் சுமந்தார்கள் என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் உங்கள் மனைவி சொன்ன அந்த ஒரு வாக்கியத்தில் அது தெரிகிறது. நீங்கள் விட்டதற்கு அவர்கள் விலை கொடுத்திருக்கிறார்கள்.

சரி, அப்படியானால் எதையும் விட வேண்டாமா என்று கேட்பீர்கள். விடலாம், விடுவது யாருக்காக என்பதுதான் விஷயம். இரட்சணிய சேனை என்கிற கிறிஸ்தவ இயக்கத்தில் 1886-ல் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஊழியத்துக்குப் பணம் தேவைப்பட்டபோது மேஜர் கார்லெட்டன் என்கிற அதிகாரி, ஒரு வருடம் சாப்பாட்டுக்குப் பிறகு புட்டிங் சாப்பிடாமல் இருந்து அந்தக் காசைக் கொடுக்கிறேன் என்றார். சேனையின் தலைவர் வில்லியம் பூத், ஒரு மனிதர் வருடம் முழுவதும் அப்படிக் கஷ்டப்பட வேண்டாம், நாம் எல்லாருமே ஒரு வாரத்துக்கு ஏதாவது ஒன்றை விட்டுக்கொடுப்போம் என்று மாற்றினார். சேனையில் வருடந்தோறும் நடக்கிற அந்தக் காணிக்கை இப்படித்தான் பிறந்தது. அதே மாதிரி மிசோரம் சபைகளில் வீட்டுப் பெண்கள் ஒவ்வொரு வேளை உலை வைக்கும்போதும் ஒரு கைப்பிடி அரிசியை ஊழியத்துக்கு என்று எடுத்து வைப்பது நூறு வருடத்துக்கு மேலாக நடந்துவருகிறது. இரண்டிலும் அளவு சின்னது, இன்னொருவருக்குப் போய்ச் சேருகிறது, விடுகிறவர் எவ்வளவு பரிசுத்தமானார் என்று யாரும் அளந்து பார்ப்பதில்லை. நீங்கள் விட்ட காபிக்காசு எங்கே போனது, தம்பி? எங்கும் போகவில்லை என்றால் அது வெறும் தலைவலிதான். ஏசாயா 58-ஐ ஒருதரம் நிதானமாக வாசியுங்கள். பசியுள்ளவனுக்கு உன் ஆகாரத்தைப் பகிர்ந்துகொடுப்பதுதான் நான் விரும்புகிற உபவாசம் என்று கர்த்தரே சொல்லுகிறார், அதே மூச்சில் உன் சொந்த மாம்சமானவனுக்கு, அதாவது உன் இரத்த உறவுக்கு, உன்னை ஒளித்துக்கொள்ளாதே என்றும் சொல்லுகிறார்.

இப்போது அந்த நாலு மணிக்கு வருவோம்.

நீங்கள் ஹாலில் பாயை விரித்து, வேதாகமத்தைத் திறந்து, கண்ணை மூடுகிறீர்கள். உள்ளே அம்மா கூப்பிடுகிறார். ஒரு பக்கம் அசையாத உடம்பு, தானாகத் திரும்பிப் படுக்க முடியாது, ராத்திரியெல்லாம் ஒரே பக்கமாகக் கிடந்து தோள் வலித்திருக்கும், அல்லது படுக்கை நனைந்திருக்கும், கூப்பிட வெட்கப்பட்டுக் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்திருப்பார், முடியாமல்தான் கூப்பிடுகிறார். உங்கள் மனைவி எழுந்து லைட் போட்டு, விரிப்பை உருவி, புதுசு போட்டு, அம்மாவை மறுபக்கம் திருப்பி, தலையணையைச் சரிசெய்து படுக்க வைக்கிறார். இன்னும் மூன்று மணி நேரத்தில் அவர் சமைத்து, பிள்ளையைக் கிளப்பி, பள்ளிக்கூடத்துக்கு ஓட வேண்டும். அந்த அறையில் நடந்ததுதான் தம்பி, அன்றைக்கு உங்கள் வீட்டில் எடுக்கப்பட்ட சிலுவை. அது உங்களுடையது, அதை அவர்கள் சுமந்தார்கள்.

மாற்கு ஏழாம் அதிகாரத்தில் ஆண்டவர் கோபப்பட்டுப் பேசுகிற ஒரு இடம் உண்டு. தாய் தகப்பனுக்குச் செய்ய வேண்டியதை ‘கொர்பான்’, அதாவது தேவனுக்குக் காணிக்கை என்று சொல்லிவிட்டால் போதும், அப்புறம் அவர்களுக்கு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை என்று ஒரு பாரம்பரியம் வைத்திருந்தார்கள். தேவனுடைய பெயரைச் சொல்லித் தாயைத் தவிர்ப்பது. நீங்கள் வேண்டுமென்று அப்படிச் செய்யவில்லை என்று எனக்குத் தெரியும், ஆனாலும் நாலு மணி கொர்பானாகிவிடக் கூடாது. பேதுருவும் புருஷர்களுக்கு எழுதும்போது மனைவிக்குச் செய்ய வேண்டிய கனத்தைச் செய்யுங்கள் என்கிறார், காரணமும் சொல்கிறார், உங்கள் ஜெபங்களுக்குத் தடை வராதபடிக்கு. அம்மாவின் சத்தத்தால் ஜெபம் கலைகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பேதுருவிடம் கேட்டால் தடை வேறு இடத்திலிருந்து வருகிறது என்பார்.

இயேசு சிலுவையில் தொங்கிக்கொண்டிருந்தபோது என்ன செய்தார் என்பதையும் பாருங்கள். உலகத்தின் பாவம் முழுவதையும் சுமக்கிற நேரம். அந்த நேரத்தில் தம் தாயை யார் பார்த்துக்கொள்வார் என்று யோசித்து, யோவானிடம் ஒப்படைக்கிறார். “அதோ, உன் தாய்.” அந்நேரமுதல் அந்தச் சீஷன் அவளைத் தன்னிடமாய் ஏற்றுக்கொண்டான் என்று யோவான் 19-ல் இருக்கிறது. சிலுவையடியில் நின்ற சீஷனுக்குக் கிடைத்த முதல் வேலை அதுதான்.

அதனால் நான் சொல்வது இது. நாலு மணிக்கு எழுந்திருங்கள், ஆனால் முதலில் அம்மாவின் அறைக்குப் போங்கள், அவர் கூப்பிடுவதற்கு முன்னால். மகன் சுத்தம் செய்வதை அம்மா கூச்சப்படலாம், நம் வீடுகளில் அது இயல்பு, அவரை வற்புறுத்த வேண்டாம். அந்த ஒன்றுக்கு மட்டும் மனைவி வரட்டும். திருப்பிப் படுக்க வைப்பது, தண்ணீர் கொடுப்பது, விரிப்பை அலசிப் போடுவது, முதுகில் எங்காவது சிவந்திருக்கிறதா என்று பார்ப்பது எல்லாம் உங்களால் முடியும். நாள் முழுவதும் படுத்தே இருப்பவர்களைச் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப்புண் வந்துவிடும், இதைத் தூக்கிவிடும் முறையோடு சேர்த்து உங்கள் பிசியோதெரபிஸ்டிடம் கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் உங்கள் இடுப்புப் போய்விடும். முடித்துவிட்டு அந்த அறையிலேயே உட்கார்ந்து ஒரு சங்கீதத்தைச் சத்தமாக வாசியுங்கள், அம்மாவும் கேட்கட்டும். அன்றைக்கு உங்கள் ஜெபம் பத்து நிமிஷம்தான் என்றால் பத்து நிமிஷம்தான்.

தூக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பதினொன்றரைக்குப் படுத்து நாலுக்கு எழுந்தால் நாலரை மணி நேரம். யாராக இருந்தாலும் எரிந்து விழுவார்கள். சூரைச்செடியின் கீழே சாக வேண்டும் என்று படுத்துக்கொண்ட எலியாவுக்குத் தேவன் பிரசங்கம் பண்ணவில்லை, தூதனை அனுப்பித் தூங்கினவனைத் தட்டி எழுப்பி அப்பமும் தண்ணீரும் கொடுத்து, மறுபடி தூங்கவிட்டு, மறுபடி எழுப்பிச் சாப்பிட வைத்தார். பத்து மணிக்குப் படுக்கப் பாருங்கள், போனை வேறு அறையில் வைத்துவிட்டு. ‘ஒன்றுக்கும் உதவாதவன்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அது மனந்திரும்புதலின் பேச்சு என்று நினைத்து வளர்க்காதீர்கள். அந்த எண்ணம் இரண்டு வாரத்துக்கு மேல் விடாமல் இருந்து, பிள்ளையோடு விளையாடக்கூட மனமில்லாமல் போகிறதென்றால் ஒரு மருத்துவரைப் பாருங்கள், அதில் விசுவாசக் குறைவு ஒன்றும் இல்லை.

அடுத்து அந்த பில். நீங்கள் அதை ஒரு வரியில் தாண்டிவிட்டீர்கள், என்னால் முடியவில்லை. காபியை விட்டால் நீங்கள் இழப்பது ஒன்றுமில்லை, தேதி மாற்றமாட்டேன் என்று சொன்னால் மேனேஜரின் முகம் மாறும், இன்க்ரிமென்ட் போகலாம், வேலையே போகலாம். விலை உள்ள இடம் அதுதான், அதனால்தான் மனசு அதை ‘எங்கும் உள்ளது’ என்று மூடி வைக்கிறது. யோவான் ஸ்நானனிடம் வரி வசூலிக்கிற ஆயக்காரர் வந்து போதகரே நாங்கள் என்ன செய்யவேண்டும் என்று கேட்டபோது அவர் வேலையை விடுங்கள் என்று சொல்லவில்லை, உங்களுக்குக் கட்டளையிட்டிருக்கிறதற்கு அதிகமாய் ஒன்றும் வாங்காதிருங்கள் என்றார். போர்ச்சேவகரிடம் உங்கள் சம்பளமே போதுமென்று இருங்கள் என்றார். கணக்கும் பணமும் கையாளுகிற உங்களுக்கு இதைவிட நேரான பதில் வேதத்தில் இல்லை. மேஜையை விட்டுப் போகச் சொல்லவில்லை, மேஜையில் நேர்மையாக இரு என்கிறார், அது வேலையை விடுவதை விடச் சில நேரம் கஷ்டம்.

ஆனால் நாளைக்குக் காலையில் ஆவேசமாகப் போய் மேனேஜரிடம் சாட்சி சொல்லிச் சண்டை போடாதீர்கள். கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செல்லுஞ்செலவைக் கணக்குப் பார்க்கமாட்டானோ என்று ஆண்டவர் கேட்டார், லூக்கா 14, அதுவும் சீஷத்துவத்தைப் பற்றிப் பேசும்போது. நீங்கள் கணக்கர், உட்கார்ந்து பாருங்கள். மாதச் செலவு எவ்வளவு, அம்மாவின் மருந்து எவ்வளவு, மனைவியின் சம்பளத்தில் எத்தனை மாதம் ஓட்டலாம், வேறு வேலை தேட எவ்வளவு நாள் ஆகும். மனைவியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள், ஏனென்றால் விலை இருவருக்கும். அப்புறம் மேனேஜரிடம் தனியாக, மரியாதையாக, “சார், இனிமேல் தேதி மாற்றி என்னால் போட முடியாது, என்ட்ரியை எந்த மாதத்தில் முறையாகக் காட்டலாமோ அப்படிக் காட்டித் தருகிறேன்” என்று சொல்லுங்கள். பில்லில் பொய்த் தேதி போடுவது வரிக் கணக்கையே பொய்யாக்கும் என்பது உங்களுக்கு என்னை விட நன்றாகத் தெரியும், கம்பெனிக்கும் அது ஆபத்துதான் என்று எடுத்துச் சொல்லலாம். அவர் ஒத்துக்கொள்ளலாம், ஒத்துக்கொள்ளாமலும் போகலாம். நல்லபடியாக முடியும் என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை.

முழுநேர ஊழியத்தைப் பற்றிக் கேட்டீர்கள். அந்த லூக்கா வசனமே “அவர் எல்லாரையும் நோக்கி” என்றுதான் ஆரம்பிக்கிறது. பன்னிருவருக்கு மட்டும் சொன்னதில்லை. பிசாசு பிடித்திருந்து சுகமான கதரேனர் நாட்டு மனுஷன் படகில் ஏறும் இயேசுவிடம் உம்மோடுகூட வருகிறேன் என்று கெஞ்சுகிறான், அவரோ உத்தரவு கொடாமல், நீ உன் வீட்டிற்குப் போ என்கிறார். அவனுக்குப் பின்பற்றுவது என்பது வீட்டுக்குத் திரும்பிப் போவதாக இருந்தது. வீட்டில் முடியாததற்காக ஊழியத்துக்குப் போனவர்கள் சிலரை எனக்குத் தெரியும். கோபத்தையும் கூடவே எடுத்துக்கொண்டு போனார்கள், இப்போது அதைச் சபை சுமக்கிறது. உங்களை ஆண்டவர் நிஜமாகவே அழைத்தால் அந்த அழைப்பு உங்கள் மனைவிக்கும் சபைக்கும் தெரிகிற விதத்தில் வரும், அதுவரை அந்தக் கேள்வியைத் தள்ளி வையுங்கள்.

திருநெல்வேலிச் சீமையில் கிராமம் கிராமமாகப் போய்ச் சுவிசேஷம் சொல்லிக்கொண்டிருந்த ஏமி கார்மைக்கேல் அம்மையாரை உங்களுக்குத் தெரிந்திருக்கும். கோவிலில் விடப்பட்டிருந்த ஒரு சிறுமி 1901-ல் தப்பி அவரிடம் வந்தாள், பின்னால் இன்னும் பிள்ளைகள் வந்தார்கள், அவருடைய கிராமப் பயணம் குறைந்துபோனது. பால் காய்ச்சுவதும் ராத்திரி கைக்குழந்தையோடு விழித்திருப்பதும் ஊழியமா என்ற கேள்வி அப்போது எழத்தான் செய்தது. பிள்ளைகள் தாயின் காலைக் கட்டிவிடுவார்கள் என்ற நம் பழமொழியை அந்த அம்மாவே எடுத்து எழுதியிருக்கிறார். கட்டட்டும் என்று விட்டுவிட்டார். அந்தப் பிள்ளைகளை அவர் வளர்த்த டோனாவூரின் பெயர் உலகத்துக்குத் தெரிந்தது கட்டப்பட்ட அந்தக் கால்களால்தான்.

இதை வாசிக்கிற சகோதரிகளுக்கு நடுவில் ஒன்று சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் சிலுவையைச் சும என்ற வார்த்தை உங்கள்மேல்தான் அதிகம் எறியப்படுகிறது. குடித்துவிட்டு அடிக்கிற கணவன் உங்கள் சிலுவை இல்லை. அவன் செய்வது பாவம், குற்றம். அதைப் பொறுத்துக்கொண்டு போவதைச் சுயவெறுப்பு என்று யாராவது, ஏன் ஒரு போதகரே சொன்னாலும், கேட்காதீர்கள். பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள், பெண்கள் உதவி எண் 181-க்குக் கூப்பிடுங்கள். இன்னொருவருக்காக என் இஷ்டத்தை நானாக விட்டுக்கொடுப்பதைத்தான் ஆண்டவர் கேட்டார்.

அனுதினமும் என்பதைப் பற்றி நீங்கள் பயப்படுவது கடிதத்தில் தெரிகிறது, வாழ்நாள் முழுவதும் எப்படி என்று. வாழ்நாளை ஒரே ராத்திரியில் ஒப்புக்கொடுக்கப் பார்ப்பதால்தான் அது சில வாரத்தில் உடைகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. கெத்செமனேயில் ஆண்டவரே “என்னுடைய சித்தத்தின்படியல்ல” என்பதை ஒரு தடவை சொல்லி எழுந்துவிடவில்லை, திரும்பத் திரும்பப் போய் மூன்றாந்தரமும் அதே வார்த்தைகளைச் சொல்லி ஜெபித்தார். நமக்கு ஒரு தடவை போதும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. இன்றைக்கு ஒரு நாள், இன்றைக்கு வருகிற அந்த ஒரு இடம், அவ்வளவுதான் கேட்கப்படுகிறது. சாயங்காலம் களைத்து வருகிறீர்கள், மகள் நோட்டைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறாள், எரிச்சல் தொண்டை வரை வருகிறது, அந்த ஒரு நிமிஷத்தை ஜெயித்தால் அன்றைய பங்கு முடிந்தது. தோற்றால், ராத்திரி படுப்பதற்கு முன் ஏழு வயதுப் பிள்ளையிடம் ‘அப்பா தப்புப் பண்ணிட்டேன்மா’ என்று சொல்லுங்கள். பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்க எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்று அப்போது தெரியும், வெள்ளிக்கிழமை உபவாசம் அதற்குப் பக்கத்தில்கூட வராது.

இந்த மே மாதமும் கன்வென்ஷனுக்குப் போங்கள், போக வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அழைப்புக் கொடுக்கும்போது முன்னால் போவதற்கு முன், மத்தேயு ஐந்தில் சொன்னபடி, வீட்டில் ஒப்புரவாகிவிட்டுப் போங்கள். இந்தப் பதிலை மனைவியிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள், கோபத்தைப் பற்றி அவர்கள் சொல்ல விரும்புவதை எல்லாம் குறுக்கே பேசாமல் முழுவதும் கேளுங்கள், வாரத்தில் எந்தெந்த ராத்திரி அம்மாவை நீங்கள் பார்ப்பது என்று இரண்டு பேருமாக ஒரு காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை உபவாசத்தை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். மேனேஜரிடம் பேசிவிட்டு என்ன ஆயிற்று என்று எனக்கு எழுதுங்கள், வேலை போய்விட்டால் அதையும் எழுதுங்கள், அப்புறம் என்ன செய்யலாம் என்று சேர்ந்து யோசிப்போம். அம்மாவின் பெயரையும் மறக்காமல் எழுதுங்கள், நான் பெயர் சொல்லி ஜெபிக்க வேண்டும்.